சுவடியைத் தொடும் முன் சாவியைக் கேளுங்கள்

விடுமுறை நாட்களில் சிற்றூர் அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சம்பளம் வாங்காமல் வேலை செய்ய நினைக்கிற கன்சர்வேட்டர் (பழம்பொருள்களைச் சீர்செய்து காப்பவர்) நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலை நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் இருக்கிற விஷயங்கள்தான் ஆளைச் சாய்க்கின்றன.

கும்பகோணம் பக்கம் ஓர் ஊர். வாசகசாலையின் பின்னறையில், வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பொருள்களை வைத்து ஒரு சின்ன அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். ஏட்டுச்சுவடிக் கட்டுகள், பழைய புகைப்படங்கள், குத்துவிளக்குகள், ஒரு சிறிய அம்மன் செப்புத் திருமேனி. சென்னையிலிருந்து நாங்கள் நான்கு பேர் போனோம்.

கிளம்பும் முன் போனில் கேட்டபோது, "எல்லாம் தயாரா இருக்கு, வாங்க" என்றார் செயலாளர். அறை திறந்துதான் இருந்தது. ஆனால் சுவடிப் பெட்டிக்கு இரண்டு பூட்டு. இரண்டாவது சாவி முன்னாள் தலைவரிடம். அவரோ மகள் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டார். வேறு யாரிடமும் சாவியைக் கொடுத்தனுப்ப மாட்டேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். விளக்குகளைத் தூசி தட்டிவிட்டுத் திரும்பினோம். இப்போதெல்லாம் எத்தனை பெட்டி, எத்தனை பூட்டு, சாவிக்காரர் அன்று ஊரில் இருப்பாரா என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகுதான் டிக்கெட் போடுகிறோம்.

அடுத்த முறை பெட்டி திறந்தது. கூடவே ஊரும் கூடியது. "ஏம்மா, இதையெல்லாம் மெட்ராஸுக்கு எடுத்துக்கிட்டுப் போயிட மாட்டீங்கள்ல?" என்று ஒரு பெரியவர் நேராகவே கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடிய நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியதும், 2014இல் திருப்பித் தந்ததும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். வெளியூர் ஆள் பழம்பொருள் இருக்கிற அறைக்குள் நுழைந்தால் ஊர் கேட்கத்தான் வேண்டும்.

அதனால் ஒரு பொருளும் ஊர் எல்லையைத் தாண்டாது என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கை வைக்கும் முன் ஒவ்வொரு பொருளையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். பட்டியல் இரண்டு பிரதி. ஒன்று ஊரிடம், ஒன்று எங்களிடம். இதற்கே முழு நாள் போயிற்று. பட்டியல் இல்லாமல் எந்தக் கட்டையும் அவிழ்க்காதீர்கள்.

அம்மன் திருமேனியின் பீடத்தில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது. வெண்கலநோய். உலோகத்துக்குள் இருக்கும் குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உள்ளே அரித்துக்கொண்டே போகும். யாரோ நல்ல எண்ணத்தில் புளி போட்டு வேறு துலக்கியிருந்தார்கள். எங்களுக்குக் கை பரபரத்தது. ஆனால் உலோகச் சிற்பம் நூறு வருடத்துக்கு மேற்பட்டது என்றால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு கட்டாயம். இதற்குப் பதிவே இல்லை. பதிவுக்கு முன்னால் சுத்தம் செய்து தோற்றம் மாறினால், நாளைக்குக் கேள்வி வருவது ஊருக்குத்தான். ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறையப் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஈரப்பதம் 40 விழுக்காட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு விண்ணப்பத்தோடு தொல்பொருள் பதிவு அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கே இருந்த எழுத்தர் படத்தைப் பார்த்தார். பின்பக்கப் படம் இல்லை என்று திருப்பினார். எடுத்துக்கொண்டு போனால், கொடுத்தவரின் கடிதம் வேண்டும் என்றார். கொடுத்தவர் இறந்துவிட்டார். வாரிசுக் கடிதம் வாங்கிப் போனபோது, சுவடிகளையும் பதிவு செய்தால்தான் இதை வாங்குவேன் என்று புதிதாக ஒன்றைச் சொன்னார். தேவை எல்லாவற்றையும் முதல் தடவையே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், செயலாளர் அத்தனை பஸ் ஏறியிருக்க வேண்டாம். அறுபது வயதைத் தாண்டிய மனிதர் அவர். இதை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான்.

கடைசியில் அரசு அறிவிக்கையின் நகலையே எடுத்துப் போய்க் காட்டினோம். சுவடிகளில் ஓவியம், சித்திரம் உள்ளவை மட்டுமே கட்டாயப் பதிவில் வருகின்றன. எழுத்து மட்டும் உள்ள ஏடுகள் வராது. (75 வருடம் கடந்த முக்கியமான சுவடி எதுவானாலும் தொல்பொருள்தான், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அது வேறு.) எழுத்தர் இரண்டு முறை படித்தார், விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தினார். செயலாளர் அந்த ரசீதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

சுவடி வேலையில் ஒரே சறுக்கல் கூரியரால் வந்தது. பூச்சியைக் கொல்ல, கட்டுகளைப் பைக்குள் போட்டு ஆக்ஸிஜன் உறிஞ்சும் பொட்டலம் வைத்துச் சில வாரம் மூடி வைப்போம். காற்றை விடாத பல அடுக்குப் பைகளைக் கேட்டிருந்தோம். வந்தது சாதாரணப் பாலிதீன். அதன் வழியாக ஆக்ஸிஜன் உள்ளே வந்துகொண்டே இருக்கும், பூச்சி சாகாது. பைகளைக் கையோடு கொண்டுபோங்கள்.

மற்றபடி தூசி தட்டல், துடைப்பு, சிட்ரோனெல்லா எண்ணெய், புதுக் கயிறு எல்லாம் வழக்கம்போல. யாரோ தேங்காயெண்ணெய் தடவிய ஒரு கட்டு மட்டும் பிசுக்கேறிப் படுத்தியது. தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம் என்று போகிற ஊரிலெல்லாம் சொல்லுங்கள். பெட்டியில் வசம்பு வைப்பதைத் தடுக்காதீர்கள்; அது நல்ல பழக்கம்.

கீறிய எழுத்தில் விளக்குக்கரி மையைத் தேய்த்துத் துடைத்ததும் ஏடு பேசத் தொடங்கியது. வைத்திய ரகசியம் இருக்கும் என்றுதான் ஊரில் எதிர்பார்த்தார்கள். வந்ததோ குத்தகைக் கணக்கு. தமிழ் எண்கள் தெரிந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வேலி, மா, குழி என்று நில அளவுகளை உரக்கப் படித்தார். இன்னும் வழக்கில் இருக்கிற வயல் பெயர்கள் வரவர, கூட்டம் "அது நம்ம வடக்குவெளி!" என்று கூவியது. முதல் நாள் எங்களைச் சந்தேகப்பட்ட பெரியவர்தான் மறுநாள் முதல் ஆளாக வந்து ஏட்டுக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொண்டார். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்து, சிலிக்கா ஜெல்லை மாற்றுவது இப்போது அவர் பொறுப்பு.

திருமேனிக்குப் பதிவுச் சான்று இன்னும் வரவில்லை. வந்ததும் போவோம். உலோக வேலை தெரிந்தவர் ஒருவர் கூட வந்தால் நல்லது. தங்க இடமும் சாப்பாடும் ஊரே பார்த்துக்கொள்ளும்.