மேத்யூ ஷெப்பர்டும் ஒரு சட்டமும்

தண்டனையைக் கூட்டினால் தன்பாலீர்ப்பாளர்களை அடிப்பது நின்றுவிடுமா என்று கேட்பவர்கள் மேத்யூ ஷெப்பர்டுக்கு நடந்ததைப் படிக்க வேண்டும். 1998 அக்டோபர், அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமி என்ற ஊர். 21 வயது மாணவனை இரண்டு பேர் ஊருக்கு வெளியே கூட்டிப்போய், கைத்துப்பாக்கியால் மண்டையில் அடித்து, குளிரில் வேலியோடு கட்டிப்போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் சைக்கிளில் வந்தவர் முதலில் ஏதோ வைக்கோல் பொம்மை என்றுதான் நினைத்தாராம். அக்டோபர் 12ஆம் தேதி உயிர் போய்விட்டது.

கொன்றவர்களுக்கு இரட்டை ஆயுள் தண்டனை, அதுவும் சாதாரணக் கொலைச் சட்டத்திலேயே. ஆனால் ஒருவரின் பாலீர்ப்புக்காக நடக்கும் தாக்குதலை மத்திய அரசு வெறுப்புக் குற்றமாக எடுத்து நடத்த அன்று சட்டத்தில் இடமே இல்லை. மேத்யூவின் அம்மா ஜூடி வருடக்கணக்கில் போராடிய பிறகு, 2009இல்தான் அதற்கு இடம் தரும் சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்துப் போட்டார்.

சரி, நின்றதா? இல்லை. 2022இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில், தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் கிளப் கியூ என்ற இரவு விடுதியில் ஒருவர் ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார். வெறி தலைக்கேறியவன் சட்டப் பிரிவைப் பார்த்துவிட்டுக் கை ஓங்குவதில்லை. ஆனாலும் எனக்கு இந்தச் சட்டம் வேண்டும், ஏனென்றால் அடிபட்டவன் காவல் நிலையத்துக்குப் போனால் 'ஏதோ குடிபோதைச் சண்டை' என்று எழுதி மூடிவிடாமல் இருக்க அதுதான் பிடிமானம். அமெரிக்காவில் இன்றும் உள்ளூர் போலீஸ் வெறுப்புக் குற்றங்களின் கணக்கை மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு அனுப்புவது கட்டாயமில்லை, முதலில் அதைக் கட்டாயமாக்குங்கள்.