ஒரு மண்டலம் கசப்பு

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. இலையில் மாங்காய்ப் பச்சடி விழுந்தது. வெல்லப்பாகில் ஊறிய மாங்காய்த் துண்டு, மேலே நெய்யில் வறுத்த வேப்பம்பூ. விவரம் தெரிந்த நாளிலிருந்து என்ன செய்கிறேனோ அதையேதான் இன்றும் செய்தேன். பூவை மட்டும் விரலால் வழித்து இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மீதியைச் சாப்பிட்டேன்.

எதிரில் மகள். ஆறாம் வகுப்பு, சட்டம் பேசும் வயசு. "நான் மட்டும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கணுமாம். அப்பா ஒதுக்கி வெச்சா யாரும் கேக்க மாட்டீங்களா?"

லீவுக்குத் திருமங்கலத்திலிருந்து வந்திருக்கும் மாமியார் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "சின்னது கேக்குறது ஞாயம்தானே மாப்ள" என்றார். மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

ரோஷத்தில் சொல்லிவிட்டேன். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் ஏதாவது ஒரு கசப்பு. மே 31-ல் முடியும். நான் முடித்தால் அதற்கப்புறம் மகளும் ஒதுக்கக் கூடாது. கணக்குக்குத்தான் இந்தக் குறிப்பு. ஓரத்தில் தள்ளியிருந்த பூவை எல்லார் முன்னாலும் எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். நாள் 1.

ஏப்ரல் 15, திங்கள்

பாகற்காய் வறுவல். என் அம்மா பாகற்காயைச் செய்யும் விதமே வேறு. மேல் முள்ளைச் சீவி, வட்டமாக நறுக்கி, உப்பைப் பிசறி அரை மணி நேரம் வைத்து, ஒட்டப் பிழிந்து, புளித்தண்ணீரில் வேகவிட்டு, கடைசியில் வெல்லத்தையும் கொட்டுவாள். இன்று மாமியார் முள்ளைக்கூடச் சீவவில்லை. சமையலறை வாசலில் நின்று, "அத்தை, கொஞ்சம் பிழிஞ்சிடலாமே" என்றேன்.

"கசப்பைப் பிழிஞ்சு ஊத்திட்டு எதுக்குப் பாகக்காய் திங்கணும்? பூசணிக்காய் திங்கலாம்ல?"

பதில் இல்லை. ஆறு துண்டு. ஒவ்வொன்றையும் ரசம் சாதத்துக்குள் புதைத்து உள்ளே தள்ளினேன். கசப்பு முன்நாக்கில் வருவதில்லை. விழுங்கி முடித்து, சரி, தப்பித்தோம் என்று நினைக்கிற நேரத்தில் தொண்டைப் பக்கம் இருந்து ஏறி வருகிறது. அதுவும் போகாமல் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மிதிபாகல். சின்னது, கொட்டைப்பாக்கு அளவு. முழுசாக வதக்கியது. விரலில் மை, வாயில் இது. பெரிய பாகலைவிட இதற்குக் கசப்பு அதிகம். நாள் 6.

ஏப்ரல் 21, ஞாயிறு

தப்பிக்க வழி உண்டா என்று தேடிப் படித்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 1931-ல் அமெரிக்காவில், ட்யூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பி.டி.சி. என்ற ஒரு பொடியைக் கொட்டிக்கொண்டிருந்தபோது தூள் பறந்தது. கூட இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். சிலருக்கு எட்டிக்காய், சிலருக்கு வெறும் சுண்ணாம்புப் பொடி. இது குடும்பவழியாக வருவது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதற்குக் காரணமான மரபணுவை 2003-ல் கண்டுபிடித்தார்கள். கசப்பை உணர நமக்குச் சுமார் 25 வகை ஏற்பிகள் இருக்கின்றனவாம். இனிப்புக்கு ஒரே ஒரு வகைதான். செடிகளில் விஷம் பெரும்பாலும் கசப்பாக இருப்பதால் உடம்பு இவ்வளவு காவல் போட்டிருக்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் இதை விரிவாக எடுத்துச் சொன்னேன். எனக்குப் பிறவியிலேயே அப்படி, நான் என்ன செய்ய, என்று முடித்தேன். (அந்தப் பொடியைக் காட்டிக்கொடுக்கும் மரபணுவுக்கும் பாகற்காய்க்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை, அது முட்டைக்கோஸ், கடுகு வகையறாவோடு சேர்ந்தது என்பதைச் சொல்லவில்லை.)

மனைவி முழுசாகக் கேட்டுவிட்டு, "காலையில சக்கரையே இல்லாம ரெண்டு டம்ளர் டிகாக்‌ஷன் காப்பி குடிக்கிறீங்களே, அது என்ன கற்கண்டா?" என்றாள்.

அதை நான் யோசித்ததே இல்லை. முதல் முதலாகக் காப்பி குடித்தது பத்தாவது பரீட்சைக்குக் கண் விழித்தபோது. குமட்டிக்கொண்டு வந்தது. அப்பா குடிக்கிற டம்ளரில் குடிக்கிறோம் என்ற பெருமைக்காகத்தான் மறுநாளும் குடித்தேன். எப்போது பிடித்துப்போனது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

ஏப்ரல் 24, புதன்

வேப்பம்பூ ரசம். பரவாயில்லை. மாமியார் காலையில் வேப்பங்கொழுந்தைப் பறித்துப் பச்சையாக மெல்கிறார், நாம் புதினா மெல்வது போல. பாண்டியர்களுக்கு அடையாளப் பூ வேப்பம்பூ, சோழர்களுக்கு ஆத்தி. நான் இருப்பது உறையூர், சோழன் தலைநகரம். அவர் மதுரைப் பக்கம். இதை வைத்து ஒரு சமாதானம் தயாரித்தேன், எடுபடவில்லை.

ஏப்ரல் 27, சனி

இன்று முழுக்கச் சுண்டைக்காய். மாமியார் இரண்டு கிலோ வாங்கி வரச் சொன்னார். காந்தி மார்க்கெட்டில் வாங்கி வந்தேன். மொட்டை மாடி நிழலில் நாலு பேரும் உட்கார்ந்தோம். காம்பைக் கிள்ளி, அம்மிக்குழவியின் நுனியால் ஒவ்வொரு காயாக ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் நசுங்கிக் கூழாகிவிடும், மெல்லத் தட்டினால் நழுவி ஓடும். வாய் பிளக்க வேண்டும், பிரியக் கூடாது. என் காய்களில் பாதி மகளின் முகத்துக்குத்தான் போயின. விதை தெறித்துச் சட்டையெல்லாம் புள்ளி. விரல் நுனி பழுப்பேறி, சோப்புப் போட்டும் போகவில்லை. மறந்துபோய் உதட்டைத் துடைத்தேன், அன்றைய கணக்கு அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தட்டியதை அலசி விதையை ஓரளவு போக்கிவிட்டு, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறப்போட்டாயிற்று. இராத்திரி மோரில், பகலில் வெயிலில். சாயங்காலம் எடுத்துத் திரும்ப அதே மோரில். மோர் முழுக்கக் காய்க்குள் போகிற வரைக்கும் இப்படியே நாலு நாள். அப்புறம் மோர் இல்லாமல் வெயில் மட்டும், கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வருகிற வரைக்கும்.

உப்பு கசப்பை அமுக்கும் என்று 1997-ல் ஃபிலடெல்ஃபியா ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை ஒன்றைப் பற்றிப் படித்திருக்கிறேன். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் உப்பைச் சேர்த்தால் கசப்பு அடங்கி, இனிப்பு தலைதூக்குகிறதாம். மாமியாரிடம் சொன்னேன். "அதான் மோர்ல உப்புப் போடுறோம்" என்றார்.

மே 2, வியாழன்

முதல் வற்றல் பொரிந்தது. நல்லெண்ணெயில் போட்டதும் பச்சை சாம்பல் நிறத்திலிருந்து கருப்புக்குப் போக எட்டுப் பத்து நொடி. அதற்குள் எடுத்துவிட வேண்டும். ஒரு நொடி பிந்தினால் கரி. தயிர் சாதத்துக்கு ஐந்து போட்டார்கள். மேலே உப்பு, உடைத்தால் புளிப்பு, கசப்பு கடைசியில்தான் வந்தது. கடைசியில் வந்தாலும் உட்கார்ந்துகொள்ளவில்லை. எழுந்து போய்விட்டது. நாள் 19.

மே 6, திங்கள்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நடைப்பயிற்சிக்குப் போகிற பூங்கா வாசலில் ஒருவர் எவர்சில்வர் பாத்திரங்களில் அருகம்புல், வல்லாரை, பாகற்காய்ச் சாறு விற்கிறார். வற்றல் தந்த தைரியத்தில் ஒரு டம்ளர் பச்சைப் பாகற்காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்தேன். கூட நடக்கிற இருவர் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வயிறு பிசைய ஆரம்பித்து, பகல் பூராவும் படுக்கை, கழிவறை, படுக்கை. ஆபீசுக்கு லீவு.

மாமியார் திட்டவில்லை. சாதம் வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு, "மருந்தா நெனச்சுக் குடிச்சா மருந்துதான் மாப்ள. அது காய்கறி. காய்கறியாத் தின்னணும்" என்றார்.

இது உறைத்தது. 2012-ல் டெங்குக் காய்ச்சல் பரவியபோது ஊர் முழுக்க நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். அப்போது வேலை பார்த்த அலுவலகத்திலும் வரிசையில் நிறுத்தித் தந்தார்கள். ஜன்னல் ஓரத் தொட்டிச் செடிக்கு என் பங்கை ஒரு வாரம் ஊற்றினேன். செடி நன்றாகத்தான் இருந்தது. எங்கள் தலைமுறைக்குக் கசப்பு என்றாலே யாரோ மூக்கைப் பிடித்து ஊற்றுவதுதான். விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், கஷாயம். பாகற்காய் சாப்பாட்டு இலையில் வந்தாலும் அந்த வரிசையில்தான் அதையும் நிற்க வைத்திருந்தேன்.

மே 7, செவ்வாய்

கஞ்சிக்கு மணத்தக்காளி வற்றல் இரண்டு. கணக்கில் சேர்த்துக்கொண்டேன். மகள் எதிர்க்கவில்லை, பாவம் பார்த்திருக்கிறாள்.

மே 12, ஞாயிறு

தஞ்சாவூர்ப் பக்கம் செய்கிற பாகற்காய்ப் பிட்லை. துவரம்பருப்பு, கொத்துக்கடலை, வறுத்து அரைத்த தேங்காய், தனியா. மனைவி செய்தது. பாகற்காய் இதில் ஒரு ஓரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது இல்லாவிட்டால் சாம்பார்தான். இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். மகள் என் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தைகளுக்குப் புதிய உணவு ஒன்று பிடிக்க எட்டுப் பத்துத் தடவையாவது நாக்கில் பட வேண்டும் என்கிறார்கள். இரண்டு தடவை ஊட்டிப் பார்த்துவிட்டு "இவளுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டியவர்கள் நாங்கள்தான். இன்று எனக்கு நாள் 29.

மே 16, வியாழன்

கோடை மழை. இரண்டாம் தவணை வற்றல் மாடியில் இருந்தது. ஆளுக்கொரு தட்டாக அள்ளிக்கொண்டு ஓடி வந்தும் பாதி நனைந்துவிட்டது. மின்விசிறிக்கு அடியில் பரப்பியிருக்கிறது. கூடம் முழுக்கப் புளித்த மோர் வாடை. ஒரு மாதத்துக்கு முன்னால் இதற்குச் சண்டையே போட்டிருப்பேன்.

மே 20, திங்கள்

துவாதசி. பக்கத்து வீட்டுப் பாட்டி ஏகாதசி விரதம் முடித்துவிட்டு ஒரு கிண்ணம் அகத்திக்கீரை கொடுத்தனுப்பினார். தேங்காய் தூவிய சுண்டல் மாதிரி, பார்க்க அழகு. வாயில் போட்டதும் என் ஒரு மாதப் பெருமை எல்லாம் இறங்கிவிட்டது. இந்தக் கசப்பு வேறு ஜாதி, கொஞ்சம் மண் வாசனையோடு சேர்ந்தது. மருந்து சாப்பிடும்போது அகத்தி சாப்பிடக் கூடாது, மருந்தை முறித்துவிடும் என்று ஊரில் சொல்வார்கள். காலையில் போட்ட தலைவலி மாத்திரையைச் சாக்காக வைத்து மூன்று வாயோடு நிறுத்திக்கொண்டேன்.

இராத்திரி குறுந்தொகைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. வாசலில் நிற்கிற தலைவனைத் தோழி குத்திக்காட்டுகிறாள். முன்னே என் தோழி பச்சை வேப்பங்காயைத் தந்தாலும் இனிப்புக் கட்டி என்றீர், இப்போது பாரியின் பறம்பு மலைச் சுனையில் தை மாதத்தில் குளிர்ந்து கிடக்கிற தண்ணீரைத் தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர் என்று. கல்லூரியில் படித்தபோது காதல் தீர்ந்துபோன ஆளைப் பற்றிய பாட்டாக மட்டும்தான் தெரிந்தது. அந்த ஆள் ஒரு காலத்தில் வேப்பங்காயை நிஜமாகவே தின்றிருக்கிறான் என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது. மனைவியிடம் சொன்னேன். "நீங்க கல்யாணமான புதுசுல எங்கம்மா வெச்ச பாகக்காய்க் கொழம்ப நாய்க்குப் போட்டீங்க" என்றாள். அது அவளுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

மே 26, ஞாயிறு

மாமியார் ஊருக்குக் கிளம்பினார். பேருந்து நிலையத்தில் பை தூக்கிப் போட்டுவிட்டு நின்றேன். "டப்பாவுல வத்தல் இருக்கு. ஈரக்கையப் போட்டுறாதீங்க" என்றார், வண்டி நகரும்போது. நாய் விஷயத்தைக் கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மே 29, புதன்

மூன்று நாளாகச் சாப்பாடு சப்பென்று இருக்கிறது. உருளைக்கிழங்கு, வெண்டைக்காய், மறுபடி உருளைக்கிழங்கு. கணக்குக்காகத் தினமும் வற்றல் பொரிக்கிறேன், அது வேறு. ஆபீஸ் முடிந்து காந்தி மார்க்கெட் பக்கம் போய் மிதிபாகல் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்கார அம்மா சாக்கை விலக்கிக் காட்டினார். "சக்கரையா தம்பி?" இல்லை என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு கைப்பிடி கூடப் போட்டார்.

ஜூன் 2, ஞாயிறு

இன்று நோட்டைத் திறந்தபோதுதான் தெரிந்தது, மே 31 முந்தாநாளே போய்விட்டது. அன்றைக்கு என்ன சாப்பிட்டேன் என்று எழுதவில்லை. யோசித்தும் தெரியவில்லை.

மத்தியானம் தயிர் சாதத்துக்கு வற்றல் பொரித்தேன். வாடைக்கு மகள் வந்து நின்றாள். "நாப்பத்தெட்டு முடிஞ்சிருச்சுல்ல, இன்னும் எதுக்குப்பா?"

"இன்னிக்கு உன் மொத நாள், அதான்."

தட்டிலிருந்து இருப்பதிலேயே சின்னதாகப் பொறுக்கி எடுத்து, பின்பக்கப் பல்லால் கடித்தாள். முகம் அஷ்டகோணலாகியது. தொட்டிப் பக்கம் ஓடித் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்தபடி திரும்பி வந்தாள். "உங்களுக்கு நாக்கு செத்துப்போச்சுப்பா" என்றாள். அப்புறம் பேனாவைப் பிடுங்கி இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாள்: நாள் 1 (துப்பினது கணக்கில் சேரும்).