பைபாஸ் முடிந்து மூன்றாவது வாரம் வந்த காய்ச்சல்: நாங்கள் அலைந்த நான்கு நாள்

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்து 17ஆவது நாள் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. அது என்ன காய்ச்சல் என்று 21ஆவது நாள்தான் தெரிந்தது. நடுவில் போன அந்த நான்கு நாளை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. வீட்டில் யாருக்காவது இதய ஆபரேஷன் முடிந்து கூட்டி வந்திருக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

ஆபரேஷன், ஐசியு, வார்டு எல்லாம் நல்லபடியாகவே போனது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்கும் அலையவில்லை. 9ஆவது நாள் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

17ஆவது நாள் ஆறு மணி வாக்கில் குளிருகிறது என்று போர்வை கேட்டார். தெர்மாமீட்டர் வைத்தால் 99.8. மறுநாள் அதே நேரத்துக்கு 100.9. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், "நெஞ்செலும்ப அறுத்துச் சேத்திருக்காங்க, அலுப்புல வாறதுதான்" என்றார்கள். உள்ளூர் கிளினிக்கில் மழைக்காலக் காய்ச்சல் என்று ஓர் ஊசி, மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக். ஆபரேஷன் ஆன ஆள் என்று சொல்லியும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கவில்லை.

ஆனால் அப்பா சொன்னது தையல் வலி இல்லை. "மூச்சை இழுத்தா உள்ளுக்குள்ள குத்துதுத்தா. படுத்தா இன்னும் கூடுது" என்றார். ராத்திரி முழுக்க மடியில் இரண்டு தலையணையை அடுக்கி, அதைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார். அப்படிக் குனிந்தால்தான் கொஞ்சம் தாங்க முடிகிறது என்றார். அந்தக் குனிந்த உட்காரல்தான் நோயைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

19ஆவது நாள், சனிக்கிழமை, வாடகைக் கார் பிடித்து மதுரையில் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போனோம். வரவேற்பில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ரிவியூ தேதி 30ஆம் நாள்தானேம்மா போட்டிருக்கு. காய்ச்சல்னா ஜெனரல் ஓபில காட்டுங்க" என்றார். ஓபியில் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்டார்கள். ஃபைலைத் திறந்தால் முதல் இரண்டு பக்கம்தான் இருக்கிறது. காப்பீட்டுக் கவுண்டரில் ஜெராக்ஸ் எடுக்க வாங்கியவர்கள் திருப்பித் தரும்போது மற்ற பக்கங்களை விட்டுவிட்டார்கள். வாங்கும்போது நாங்களும் எண்ணிப் பார்க்கவில்லை. எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டும் ரத்தப் பரிசோதனை முடிவும் அந்தப் பக்கங்களில்தான் இருந்தன. ரெக்கார்டு ரூமுக்கு ஓடினேன், மதியத்தோடு பூட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

மூன்று மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் குனிந்தபடியே இருந்தார் அப்பா. கடைசியில் ஒரு டாக்டர் சட்டையை விலக்கிப் பார்த்து, "தையல் அருமையா ஆறியிருக்கு, பயப்படாதீங்க" என்று பாராசிட்டமால் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இசிஜி கூட எடுக்கவில்லை. வெளியே புண் சுத்தமாக இருக்கும்போதே உள்ளே அழற்சி இருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த இடத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டேன்.

ஞாயிறு ராத்திரி 101.2. அம்மா தயங்கித் தயங்கி வார்டு சிஸ்டர் ஒருவருக்குப் போன் போட்டார். அந்தச் சிஸ்டர் கேட்டது மூன்றே கேள்வி: படுத்தால் வலி கூடுகிறதா, முன்னால் சாய்ந்தால் குறைகிறதா, மூச்சு வாங்குகிறதா? அப்புறம் சொன்னார்: "காலையில நேரா எமர்ஜென்சிக்கு வாங்க. ஓபி சீட்டு போடாதீங்க. ராத்திரியே மயக்கமா வந்தாலோ மூச்சு திணறினாலோ 108க்குப் போட்டுருங்க." அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

எமர்ஜென்சியில் இருந்தது ஓர் இளம் டாக்டரம்மா. அப்பாவை முன்னால் சாயவைத்து, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் ஸ்டெதஸ்கோப்பை அழுத்தி ரொம்ப நேரம் கேட்டார். "நீங்களும் கேளுங்க" என்று என் காதில் மாட்டிவிட்டார். லப் டப் சத்தத்துக்கு மேலே, புதுத் தோல்செருப்பு போட்டு நடந்தால் வருமே, அப்படி ஓர் உரசல். இதயத்தைச் சுற்றியுள்ள உறையின் இரண்டு அடுக்கும் வீங்கி ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் அது என்றார்.

அடுத்து நெஞ்செலும்பின் இரண்டு பக்கமும் கையை வைத்து இருமச் சொன்னார். எலும்பு அசைகிறதா, 'கடக்' என்கிறதா, சீழ் கசிகிறதா என்று பார்த்தார். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால் எலும்புக்குள் கிருமித் தொற்று இருக்குமோ என்ற கவலை அவருக்கு. ரத்தம் எடுத்தார்கள். உடம்புக்குள் அழற்சி எவ்வளவு என்று காட்டும் சிஆர்பி அளவு 142. "டிஸ்சார்ஜ் அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார். அந்தத் தாள்தான் கையில் இல்லையே!

அப்போதுதான் தம்பிக்கு ஞாபகம் வந்தது. டிஸ்சார்ஜ் அன்றைக்குச் சென்னையில் இருக்கும் சித்தப்பாவுக்கு ரிப்போர்ட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். மேலே தள்ளித் தள்ளித் தேடினான். கல்யாண வீட்டுப் படங்களுக்கு நடுவே கிடைத்துவிட்டது. சிஆர்பி 46. டாக்டரம்மா அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் முடிந்த இரண்டாம் மூன்றாம் நாள் இந்த எண் உச்சத்துக்குப் போகும், அப்புறம் இறங்கிக்கொண்டே வர வேண்டும், இறங்கினது மறுபடி ஏறினால் உள்ளே புதிதாக ஏதோ நடக்கிறது என்று விளக்கினார். 142 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு இப்படிச் சொல்லியிருக்க முடியாது. அந்த 46 கிடைத்ததில் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

எக்கோவில் இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. 14 மில்லிமீட்டர் நீர். பெயர் போஸ்ட் பெரிகார்டியாட்டமி சிண்ட்ரோம். ஆபரேஷனில் இதய உறையைத் திறப்பதால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறைக்கு எதிராகக் கிளம்பிவிடுகிறது. பெரும்பாலும் முதல் வாரம் தாண்டி ஆறு வாரத்துக்குள் வரும். இது கிருமியால் வருவதில்லை, ஆன்டிபயாடிக் கேட்காது. நீர் வேகமாகக் கூடினால் இதயத்தை நெருக்கி, அது விரியவே முடியாமல் போய்விடும். அப்போது ஊசியை உள்ளே செலுத்தி நீரை உறிஞ்சி எடுத்தாக வேண்டும். நாங்கள் அந்தக் கட்டத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டோம். கிருமித் தொற்று இருந்தால் ஏறும் புரோகால்சிடோனின் அளவு குறைவாக இருந்தது, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. ஆனால் ஊரில் போட்ட ஆன்டிபயாடிக்கால் கல்ச்சரை முழுசாக நம்ப முடியாது என்று இரண்டு நாள் கூடுதலாக வைத்துப் பார்த்தார்கள். காரணம் தெரியாமல் ஆன்டிபயாடிக் தொடங்கினால் இந்தச் சிக்கலும் சேர்ந்து வரும்.

ஆஸ்பிரின் அளவைக் கூட்டினார்கள், வயிற்றுக்கு மாத்திரை, கூடவே அழற்சியைத் தணிக்கும் கால்ச்சிசின் 0.5 மில்லிகிராம் தினம் ஒன்று, மூன்று மாதத்துக்கு. அந்த மருந்து நம் கண்வலிக்கிழங்கு விதையிலிருந்தும் எடுப்பது என்று டாக்டரம்மா சொன்னதும் அப்பாவுக்கு முகம் தெளிந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் கம்பிப் பந்தல் போட்டு அதை விளைவிப்பதை அவர் பார்த்திருக்கிறார். "கார்த்திகைப் பூவா? அது வெசமாச்சே தாயி" என்றார். ஆமாம், விஷம்தான். யாரும் கிழங்கைத் தேடிப் போய்விடாதீர்கள், மாத்திரையிலேயே அளவு கொஞ்சம் தப்பினால் ஆபத்து. வயிற்றுப்போக்கு வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு எங்கே காட்டினாலும் கால்ச்சிசின் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற மருந்து அதோடு சேரக் கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்பதால், தசை வலி வந்தாலும் சொல்லச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்றைக்குத்தான் அப்பா மல்லாந்து படுத்துத் தூங்கினார். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கவுண்டரை விட்டு நகரும் முன் பக்கங்களை எண்ணுங்கள். சிஆர்பி, எக்கோ, இசிஜி மூன்றையும் போட்டோ எடுத்து இரண்டு பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். காலையும் சாயங்காலமும் காய்ச்சல் பார்த்து நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா எந்த நாள் தொடங்கியது என்று பிடித்தார். மறுபடி அட்மிட் ஆனால் காப்பீடு உண்டா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களிடம் பழைய ஒப்புதல் முடிந்துவிட்டது என்று சொல்லி முன்பணம் கட்ட வைத்தார்கள், அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. வரவேற்பில் திருப்பி அனுப்பினால், "ஆபரேஷன் ஆகி 19 நாள், காய்ச்சல், படுத்தால் நெஞ்சு வலி, எக்கோ பார்க்க வேண்டும்" என்று இதே வரிசையில் சத்தமாகச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் கழித்து எடுத்ததில் சிஆர்பி 11, நீர் 5 மில்லிமீட்டர். அடுத்த எக்கோ வரும் வியாழக்கிழமை. விட்டுப்போன பக்கங்களுக்கு ரெக்கார்டு ரூமில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அன்றைக்கே வாங்கிவிட வேண்டும்.