அம்மாவிடம்கூட முகவரி சொல்லாத டீச்சர்

இரண்டாம் உலகப் போரில் யூதர்களைக் காப்பாற்றிய ஜெர்மன் தொழிலதிபர் ஷிண்ட்லரைத் தெரிந்தவர்களுக்குக்கூட ஆந்த்ரே கெலன் என்றால் யாரென்று தெரியாது. பெல்ஜியத்தில், பிரசெல்ஸில் டீச்சராக இருந்த பெண். 1921இல் பிறந்தவர், யூதர் இல்லை. அந்தப் போரில் 300க்கும் மேற்பட்ட யூதப் பிள்ளைகளைத் தன் கையாலேயே கூட்டிக்கொண்டுபோய் ஒளித்து வைத்தவர். அப்போது அவருக்கு இருபதுகளின் தொடக்கம்தான்.

திருகோணமலையில் அந்தப் போர் என்றால் எங்களுக்கு 1942 ஏப்ரல் 9. யப்பான்காரன் குண்டு போட்டான், சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி நாள்கணக்காக எரிந்தது, சனம் ஊரைவிட்டு ஓடியது, அவ்வளவோடு கதை முடிந்துவிடும். அதே வருடம் ஜூன் வாக்கில்தான், ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்த பெல்ஜியத்தில், ஆறு வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் எல்லோரும் உடுப்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொண்டுதான் வெளியே வரவேண்டும் என்ற கட்டளை நடைமுறைக்கு வந்தது. கெலனின் வகுப்புக்கும் சில பிள்ளைகள் நட்சத்திரத்தோடு வந்தார்கள். அவர் பெரிதாக ஒன்றும் பேசவில்லை, இனி வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் மேலே ஏப்ரன் போடவேண்டும் என்று சொல்லிவிட்டார். நட்சத்திரம் உள்ளே போய்விட்டது. பெயரைச் சொன்னாலே யார் எவர் என்று தெரிந்துவிடுகிற ஊரில், சோதனைச்சாவடி வருமுன்னே பஸ்ஸுக்குள் பொட்டை அழித்த பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அப்புறம் அவர் வேலை பார்த்த விடுதிப் பாடசாலையிலேயே யூதப் பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். 1943இல் ஒரு இரவு நாஜிகளின் இரகசியப் பொலிஸான கெஸ்டாப்போ வந்து பிள்ளைகளைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. யூதருக்குப் படிப்பிக்க உனக்கு வெட்கமில்லையா என்று கேட்டவனிடம், யூதக் குழந்தைகளோடு சண்டை பிடிக்க உங்களுக்கு வெட்கமில்லையா என்று திருப்பிக் கேட்டாராம். அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இந்தப் பதிலைத்தான் எழுதுகிறார்கள். நல்ல பதில்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்றை அவர் இரண்டு வருடம் செய்தார், அதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

யூதர் பாதுகாப்புக் குழு என்று ஒரு இரகசிய அமைப்பு. அதில் இடா ஸ்டெர்னோ என்ற யூதப் பெண்ணோடு சேர்ந்து, குளோட் ஃபூர்னியே என்ற பொய்ப் பெயரில் இவர் வேலை செய்தார். வேலை என்னவென்றால், ஒரு யூத வீட்டின் கதவைத் தட்டி, பிள்ளையைத் தாருங்கள் என்று கேட்பது. எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று தாய் கேட்பாள். சொல்லமுடியாது. தாய் பிடிபட்டால், அடி உதையில் அவள் வாயிலிருந்தே முகவரி வந்துவிடும் என்பதால் பெற்றவளுக்கும் தெரியக்கூடாது என்பது விதி. யார் வீட்டுக்கு, எந்தக் கன்னியர் மடத்துக்கு, எந்தப் பண்ணைக்கு என்று ஒரு சொல்லும் சொல்லாமல், இரண்டு மூன்று வயதுப் பிள்ளையை வாங்கிக்கொண்டு படியிறங்கவேண்டும். வழியில் பிள்ளைக்குப் புதுப் பெயர் பழக்கவேண்டும். வயதான பிறகும் அந்தப் பிரிவுகளை நினைத்தால் அழுகை வருகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கதவுகளைத் தட்டிய காலத்தில் அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் இரண்டாவது கதவைத் தட்டியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சரி, பெயரையும் மாற்றி, முகவரியையும் மறைத்துவிட்டால், போர் முடிந்த பிறகு எந்தப் பிள்ளை யாருடையது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் கொப்பிகள். ஒன்றில் பிள்ளையின் உண்மைப் பெயரும் ஒரு இலக்கமும், இன்னொன்றில் அதே இலக்கத்தோடு பொய்ப் பெயர், வேறொன்றில் ஒளித்து வைத்த இடம், இப்படிப் பிரித்துப் பிரித்து எழுதி, கொப்பிகளையும் வேறு வேறு இடங்களில் வைத்தார்கள். ஒரு கொப்பி மட்டும் கையில் அகப்பட்டால் கெஸ்டாப்போவுக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. தப்ப வைக்கும்போதே திருப்பிக் கொடுப்பதையும் யோசித்திருக்கிறார்கள். கொண்டுபோன பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது, அதைக் காட்டுங்கள் என்று படத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் தெருவில் இருக்கிற அம்மாக்கள் உள்ள ஊரிலிருந்து இதை வாசிக்கும்போது, வீரத்தை விட்டுவிட்டு என் கண் அந்தக் கொப்பிகளில்தான் நிற்கிறது.

பிரசெல்ஸ் 1944 செப்டெம்பரில் விடுபட்டது. அதன் பிறகு கெலன் கொப்பிகளை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடித் தேடித் திரும்ப ஒப்படைத்தார். அது சினிமா முடிவு மாதிரி இல்லை. பெல்ஜியத்திலிருந்து 25,000க்கும் மேற்பட்ட யூதர்களை மெக்கலன் என்ற ஊரிலிருந்து ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள், பெரும்பாலும் ஆஸ்விட்ஸ் என்ற நாஜிக் கொலைமுகாமுக்கு, திரும்பியவர்கள் மிகக் கொஞ்சம். பல பிள்ளைகளுக்கு ஒப்படைக்க ஆளே இல்லை. பெற்றோர் திரும்பிய இடத்திலும் சின்னப் பிள்ளைக்கு வளர்த்தவள்தான் அம்மா, வந்து நிற்பவள் யாரோ ஒருத்தி.

1989இல் இஸ்ரேலின் யாட் வாஷெம், யூதப் படுகொலையின் நினைவு நிறுவனம், அவரைக் கௌரவித்தது. 2022இல், நூறு வயதில் இறந்தார். தான் செய்தது கடமைதான், அந்தக் காலச் சட்டத்தை மீறுவது சாதாரண விஷயம் என்பது அவருடைய நிலைப்பாடு. எனக்கு இது ஒத்துவரவில்லை. சாதாரணம் என்றால் அந்த விடுதியின் அதிபர் ஒடில் ஓவார் உயிரோடு இருந்திருப்பார். அந்த இரவில் பிடிபட்ட அவரும் அவருடைய கணவர் ரெமியும் முகாமிலிருந்து திரும்பவேயில்லை. அவர்களைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அடுத்த பதிவு அவர்களுக்கு.