ஹார்டனரைக் கூட ஊற்றினால் சீக்கிரம் காயுமா?

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி இது. "அண்ணே, ஹார்டனர் ரெண்டு சொட்டு சேத்து விட்டா சீக்கிரம் செட் ஆயிடும்ல?" எந்தப் பசை என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு டப்பாவில் ரெசின் (மூலப் பசை), இன்னொன்றில் அதை இறுக வைக்கும் ஹார்டனர் என்று இரண்டு டப்பாவாக வருகிற எல்லாப் பசைக்கும் ஒரே விதி என்று நினைப்பதில்தான் பாதி வேலை கெட்டுப்போகிறது.

முதலில் எபாக்சி, அதாவது அரால்டைட், எம்-சீல் வகை. இதில் ஹார்டனர் என்பது வேகத்தைக் கூட்டுகிற மருந்து இல்லை, பசையின் ஒரு பாதியே அதுதான். ரெசினும் ஹார்டனரும் கணக்காகக் கை கோத்துக்கொண்டுதான் கெட்டியாகின்றன. கூடுதலாக ஊற்றியது பிடிக்க ஆளில்லாமல் உள்ளேயே தங்கி, ஒட்டு ரப்பர் மாதிரி ஆகிவிடும், சூடு பட்டால் இன்னும் மோசம். அரால்டைட் ஸ்டாண்டர்டில் எடை பார்த்தால் 100 கிராம் ரெசினுக்கு 80 கிராம் ஹார்டனர், ஆனால் அளவு பார்த்தால் சரிபாதி. குழம்ப வேண்டாம், ஹார்டனர் ரெசினைவிட எடை குறைந்தது, அவ்வளவுதான். தராசில் வைத்து சமமாக எடுத்தால்தான் தப்பு.

எபாக்சி சீக்கிரம் காய வேண்டுமென்றால் சூடு கொடுங்கள். 10 டிகிரி ஏறினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் பசை கையிலேயே இறுகுகிறது என்று புலம்புவதும் இதனால்தான். இன்னொன்று, கலக்கும்போது அதுவே சூட்டைக் கிளப்பும். கால் கிலோவைக் கலந்து கப்பில் அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது கப் உருகிப் புகைந்துகொண்டிருக்கலாம். தட்டையான தட்டில் பரப்பி வைத்தால் அதே பசை இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும்.

பாலியஸ்டர் கதை வேறு. கார் பட்டி, கிரானைட் ஒட்டும் மாஸ்டிக், மீன்பிடி ஃபைபர் படகு எல்லாம் இந்த வகை. இங்கே ஹார்டனர் என்பது பெராக்சைடு, வினையைத் தொடங்கி வைப்பது மட்டுமே அதன் வேலை. பட்டிக்கு 100க்கு 2 பங்கு போதும், வெயிலுக்குக் கொஞ்சம் குறைத்து, மழைக்குக் கொஞ்சம் கூட்டலாம். அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லக்கூடிய இடம் இது, அதுவும் ஓர் எல்லைவரைதான். மிஞ்சினால் பெயின்ட் மேல் கறை கிளம்பும். ஃபைபர் வேலையில் கோபால்டையும் (வேகம் கூட்டும் மருந்து) எம்.இ.கே.பி.யையும் (அந்தப் பெராக்சைடு ஹார்டனர்) நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது.

பாலியூரிதேனில் எபாக்சி போலவே அளவு கறார், கூடவே ஈரம் ஆகாது. அதன் ஹார்டனர் தண்ணீரோடு சேர்ந்தால் வாயு கிளம்பி ஒட்டு முழுக்கக் குமிழ் விழும், அதனால் மூடியைத் திறந்து போடாதீர்கள். மெத்தாக்ரிலேட் பசை நாற்றம் பிடித்தது, ஆனால் லேசாக எண்ணெய் படிந்த தகட்டைக்கூடப் பிடித்துவிடும். 1:1, 10:1 இரண்டு மாதிரியும் உண்டு, அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் மன்னிக்கும்.

கலக்குவதில் ஓரமும் அடியும்தான் சிக்கல். கப்பின் சுவரை வழித்து வழித்துக் கலக்கிவிட்டு, இன்னொரு சுத்தமான கப்பில் மாற்றி மறுபடி கலக்குங்கள், வேகமாகச் சுற்றினால் காற்று புகும். எம்-சீலைக் கோடு எதுவும் தெரியாமல் ஒரே நிறம் வரும்வரை பிசைய வேண்டும். கார்ட்ரிட்ஜ் (இரட்டைக் குழாயில் வரும் பசை) என்றால், இரண்டையும் கலக்கித் தரும் மூக்கான நாசிலை மாட்டும் முன் இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று கொஞ்சம் பிதுக்கிப் பார்த்து, மாட்டிய பிறகும் முதலில் வருவதை வீசிவிடுங்கள். அடைத்துக்கொண்டது என்று நாசிலைக் குட்டையாக வெட்டுகிறார்கள், உள்ளே கலக்குகிற சுருளும் சேர்ந்து போய்விடுகிறதே!

கையுறை போடுங்கள், கையில் பட்டால் தின்னர் போட்டுக் கழுவாதீர்கள். எபாக்சி அலர்ஜி ஒருமுறை வந்தால் விடாது.

அப்புறம், மிச்சப் பசையைத் தூக்கிப் போடாமல் கப்பிலேயே ஒரு நாள் வையுங்கள். மறுநாள் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதென்றால் ஒட்டின இடமும் அப்படித்தான் இருக்கும். மேலே ஹார்டனரைத் தடவிப் பயனில்லை, முழுக்கச் சுரண்டிவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாகக் கலக்க வேண்டியதுதான்.