நிஜ மான்செஸ்டரின் தொழிற்பேட்டையில் ஒரு நாள்

கோயம்புத்தூரில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று எழுதாமல் எங்கள் ஊரைப் பற்றிய ஒரு விடைத்தாளும் முடிந்ததில்லை. பீளமேட்டில் முப்பது வருஷம் மோட்டார், பம்பு ரிப்பேர் பட்டறை நடத்தியவன் நான். மகள் வேலை கிடைத்து அந்த நிஜ மான்செஸ்டருக்கே குடிபோய்விட்டாள். 2023 அக்டோபரில் அவளைப் பார்க்கப் போனபோது நான் கேட்டது ஒன்றுதான்: அங்கே உள்ள டிராஃபோர்டு பார்க் தொழிற்பேட்டையைக் காட்டு.

"அங்க பாக்கறதுக்கு என்னங்கப்பா இருக்குது? எல்லாம் குடோனுங்க" என்றாள். கூட வரத்தான் செய்தாள்.

2020-இல் திறந்த டிராம் பாதை பேட்டைக்குள்ளேயே போகிறது. ஜன்னலுக்கு வெளியே தகரக் கொட்டகைகள், கன்டெய்னர்கள், லாரிகள், மறுபடி கொட்டகைகள். 'பார்க்' என்ற பெயர் எப்படி வந்தது என்று மகள் கேட்டாள். உண்மையிலேயே மான்கள் மேய்ந்த பூங்காதான் இது, டி டிராஃபோர்டு என்ற பிரபுக் குடும்பத்தின் சொத்து. அதன் ஓரமாகவே கடலிலிருந்து மான்செஸ்டருக்கு 58 கிலோமீட்டர் நீளத்தில் கப்பல் கால்வாய் வெட்டி, 1894-இல் திறந்தார்கள். வீட்டு வாசலில் கப்பல் வந்து நின்றபின் மானுக்கு அங்கே என்ன வேலை? 1896-இல் 1,183 ஏக்கரையும் 3,60,000 பவுண்டுக்கு எர்னஸ்ட் டெரா ஹூலி என்பவர் வாங்கினார். பொதுப் பூங்காவாக்க நகராட்சிக்கும் ஆசை இருந்தது. அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் கை மாறிவிட்டது.

மனைகளை விற்பதற்கு ஆள் தேடியபோது, கப்பல் கால்வாய்க் கம்பெனியின் மேலாளராக இருந்த மார்ஷல் ஸ்டீவன்ஸ் வந்து சேர்ந்தார். துறைமுகம் பக்கத்தில், ரயில் பாதை வாசல் வரைக்கும், சாலை தயார், வந்து தொழிற்சாலையைக் கட்டிக்கொள் என்பதுதான் ஏற்பாடு. திட்டமிட்டு உருவாக்கிய உலகின் முதல் தொழிற்பேட்டை என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1958-இல் நம் கிண்டியில் தொழிற்பேட்டை வந்ததும் இதே யோசனையில்தான். சில சாலைகளில் பழைய தண்டவாளம் இன்னும் தாரில் புதைந்து கிடக்கிறது. ஓரிடத்தில் குனிந்து தொட்டுப் பார்த்தேன். மேல்விளிம்பு லாரி டயர் பட்டுப் பட்டு வழவழவென்றிருந்தது.

'வில்லேஜ்' நிறுத்தத்தில் இறங்கினோம். தெருக்களுக்குப் பெயரில்லை, எண்தான். காரணம் அமெரிக்கக் கம்பெனியான வெஸ்டிங்ஹவுஸ். 20-ஆம் நூற்றாண்டு பிறந்த சமயத்தில் அவர்கள் இங்கே மின் இயந்திரத் தொழிற்சாலை கட்டினார்கள். அதையொட்டி அமெரிக்க ஊர் மாதிரியே கட்டம் கட்டமாக ஒரு குடியிருப்பும் எழுந்தது. ஐந்நூறுக்கும் மேல் வீடுகள், கடைகள், பள்ளி, நடனக்கூடம், சினிமா எல்லாம் இருந்த ஊர். 1970-களில் வீடுகளைப் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். பதினோராவது தெருவில் 1904-இல் கட்டிய புனித அந்தோணியார் கோயில், பட்டறைகளுக்கு நடுவே செங்கல்லாக நிற்கிறது. அதன் எதிரில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். எங்கள் ஊர் மில் லைன் வீடுகள் போனதும் இப்படித்தான்.

அந்த வெஸ்டிங்ஹவுஸ்தான் 1919-இல் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் ஆனது. அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்களுக்கு 'மெட்ரோவிக்' என்றால் தனி மரியாதை. இங்கிருந்துதான் 1922 நவம்பரில் மான்செஸ்டரின் பிபிசி வானொலி ஒலிக்கத் தொடங்கியது. டிரான்சிஸ்டரில் ஓடிய 'மெட்ரோவிக் 950' கணினியை 1956-இல் செய்ததும் இவர்கள்தான். ஃபோர்டு கம்பெனி வட அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1911-இல் இங்கேதான் திறந்து, மாடல் டி கார்களைத் தயாரித்தது.

இத்தனை பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மான்செஸ்டர் என்றால் பருத்தி, நூல், துணி என்றே படித்து வளர்ந்தோம். ஆனால் இந்தப் பேட்டை மோட்டாருக்கும் இன்ஜினுக்கும் மாவுக்கும் எண்ணெய்க்கும் பேர் வாங்கியது. எங்கள் ஊரும் அதே வழியில்தானே வந்தது? 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்கள் பெருகின, மில்லுக்குப் பக்கத்தில் ஃபவுண்டரி வந்தது, பிறகு மோட்டார், பம்பு, வெட் கிரைண்டர். பாடப்புத்தகம் துணியோடு நிறுத்திக்கொண்டது. பட்டப்பெயர் அதற்கு அப்பாலும் பொருந்துகிறது.

பார்க் ரோடு பக்கம் வந்தபோது காற்றில் வறுத்த சோளத்தின் வாசனை. 1938 முதல் கார்ன்ஃப்ளேக்ஸ் செய்துவந்த கெல்லாக்ஸ் ஆலை. கப்பலில் வந்த தானியம் பீங்கான் கிண்ணத்துக்குப் போகும் வழியெல்லாம் இந்த மணம்தான். நான் ஊர் திரும்பிய சில மாதங்களில், 2024-இல், அந்த ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். செய்தியைப் படித்தபோது மூக்கில் அந்த மணம்தான் வந்து நின்றது.

போர்க்கால அருங்காட்சியகத்தில் அதிக நேரம் இல்லை. குண்டுவீச்சில் அழிந்த ஒரு தானியக் கிடங்கின் இடத்தில், உடைந்த உலக உருண்டையின் துண்டுகளைப் போல 2002-இல் எழுப்பிய கட்டடம் அது. இரண்டாம் உலகப்போரில் இந்தப் பேட்டையில் 30,000-க்கும் மேல் மெர்லின் விமான இன்ஜின்கள் செய்தார்கள். 1945-இல் இங்கே வேலை பார்த்தவர்கள் 75,000 பேர்.

கடைசியாக, பேட்டையின் மேற்கு ஓரத்தில் பார்ட்டன். நான் பார்க்க ஏங்கியது இதைத்தான். கப்பல் கால்வாய்க்குக் குறுக்கே, மேலே இன்னொரு கால்வாய் போகிறது! பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் படகுகள் ஓர் இரும்புத் தொட்டி வழியாகக் கடக்கின்றன. கீழே உயரமான கப்பல் வந்தால், இரண்டு பக்கமும் கதவை அடைத்து, தண்ணீரைக் கொட்டாமலே அந்தத் தொட்டி முழுவதும் பக்கவாட்டில் திரும்பி வழிவிடும். 235 அடி நீளம், சுமார் 1,450 டன். இப்படி ஒன்று உலகில் வேறெங்கும் இல்லை. எட்வர்ட் லீடர் வில்லியம்ஸ் வடிவமைத்து, 1894 முதல் வேலை செய்கிறது.

அன்று கப்பல் எதுவும் வரவில்லை, தொட்டி திரும்பவில்லை. கரையிலிருந்து பார்த்தபோது கதவு மூட்டில் மெல்லியதாகத் தண்ணீர் கசிந்து, சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. "லீக் ஆகுதுங்கப்பா" என்றாள் மகள். பம்பில் ஷாஃப்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் கிளாண்ட் கயிறு போடும்போது நாங்களும் ஒன்றிரண்டு சொட்டு கசிய விட்டுத்தான் நட்டை முடுக்குவோம், முழுக்க இறுக்கினால் ஷாஃப்ட் சூடாகித் தேய்ந்துவிடும் என்றேன். பட்டறையில் நான் செய்த வேலையைப் பற்றி அவள் அதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்று கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "எத்தனை சொட்டு விடணுங்கப்பா?" என்று கேட்டாள்.