அரசவால் ஈப்பிடிப்பான்

இன்று மாலை ஓடைக்கரை மூங்கில் புதர்களுக்கிடையே வெண்ணிற நாடா ஒன்று அலைவதுபோல் தெரிந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் அது முதிர்ந்த ஆண் அரசவால் ஈப்பிடிப்பான் என்று புரிந்தது. தாழ்ந்த கிளையிலிருந்து நீரின் மேற்பரப்பில் பாய்ந்து நனைந்து, அதே கிளைக்குத் திரும்பிக் கொண்டையைச் சிலிர்த்து, இறகுகளைக் கோதிவிட்டு மறுபடியும் பாய்ந்தது. நான்கு முறை குளித்த பின்னரே அது இருட்டுக்குள் மறைந்தது.

உடலின் நீளம் ஏறத்தாழ 20 செ.மீ. மட்டுமே; ஆனால் ஆணின் நடுவால் இறகுகள் இரண்டும் 30 செ.மீ. வரை வளரக்கூடும். இந்த நீண்ட வால் பிறந்த ஆண்டிலேயே வாய்ப்பதில்லை, இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டில்தான் வளர்கிறது. முதிர்ந்த ஆண்களில் செம்பழுப்பு, வெண்மை என இரு நிறத்தவையும் உண்டு என்பதால், இரண்டையும் வெவ்வேறு பறவைகள் என்று நானே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். பெண்ணுக்கு நீண்ட வால் கிடையாது.

இத்தனை நீளமான வாலைச் சுமந்துகொண்டு, மர நிழலில் பறக்கும் பூச்சிகளை அந்தரத்திலேயே அது பிடிப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சிறு குச்சிகளைச் சிலந்தி நூலால் பிணைத்துக் கட்டும் கிண்ணக் கூட்டில் ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கின்றன. குஞ்சு பொரிய 14 முதல் 16 நாட்களாகும். சில வேளைகளில், எதிரிகளை அஞ்சாமல் விரட்டும் கரிச்சானின் கூட்டுக்கு அருகிலேயே தன் கூட்டையும் அமைத்துக்கொள்கிறது.